கப்பு இயல்: வடசென்னையின் செயற்கை இழைச் சட்டைகளில் தங்கும் வாடை குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழில் நடந்த ஆகப் பெரிய இலக்கிய வழக்கு உடல் வாடையைப் பற்றியது. நம் தமிழ்த்துறைகள் இதை உரிய மரியாதையோடு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டிய மன்னனுக்கு ஐயம் வந்தது. ஆயிரம் பொன் பரிசு அறிவித்தான். தருமி இரவல் பாட்டோடு வந்தான், நக்கீரர் குற்றம் பிடித்தார், எழுதிக் கொடுத்த சிவபெருமானே சபைக்கு வந்து வாதாடினார், கடைசியில் நெற்றிக்கண்ணே திறந்தது. 1965இல் ஏ.பி. நாகராஜன் 'திருவிளையாடல்' படத்தை எடுத்து, நக்கீரர் வேடத்தைத் தானே போட்டுக்கொண்ட பிறகு இந்த வழக்கு தெரியாத தமிழர் இல்லை. என்ன கேடு என்றால், மண்டபத்தில் தருமியாக நாகேஷ் தனியாகப் புலம்புவது மட்டும் ஊருக்கு நினைவிருக்கிறது. வழக்கின் சாரம் மறந்துபோயிற்று.

நக்கீரரின் கட்சி இதுதான்: மணம் கூந்தலுடையது அல்ல, சூடிய பூவாலும் தடவிய எண்ணெயாலும் வருவது. அதாவது ஆளைச் சொல்லாதே, ஆள்மேல் என்ன கிடக்கிறது என்று பார். அந்தத் தீர்ப்பைத் தலையிலிருந்து ஓரடி கீழே இறக்கி அக்குளுக்குப் பொருத்திப் பார்ப்பதே இவ்வாய்வின் நோக்கம். களம், ராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம்வரை. பொருள், பாலியெஸ்டர் சட்டை.

ஆய்வு முறை

மோந்து பார்த்தல். வேறு கருவி பயன்படுத்தப்படவில்லை. தொல்காப்பியர் உயிர்களை அறிவுவாரியாக அடுக்கும்போது முகரும் அறிவை மூன்றாம் படியில் வைத்து, அங்கே கறையானையும் எறும்பையும் உட்காரவைத்தார். இவ்வாய்வாளரும் அவற்றோடு உட்காரச் சம்மதிக்கிறார்.

வாடைகளின் பாகுபாடு

வடசென்னை வீடுகளில் துணியின் வாடையை யாரும் பொத்தாம்பொதுவாகச் சொல்வதில்லை. கவுச்சி என்றால் மீன். காசிமேட்டில் காலை ஏலத்துக்குப் போய்வந்த லுங்கியில் இருப்பது. சிக்கு என்றால் பழைய எண்ணெய். தலையணை உறையிலும் ஹெல்மெட்டின் உள்பஞ்சிலும் குடியிருப்பது. மக்கல் என்றால் ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக்குள் கொடிகட்டி இரண்டு நாள் காயாமல் தொங்கிய துணி. இம்மூன்றும் நேர்மையானவை. நன்றாகத் துவைத்து வெயிலில் போட்டால் போய்விடும்.

நான்காவது கப்பு, வேர்த்த சட்டையின் வாடை. இது போகாது; போனதுபோல் நடிக்கும். கொடியில் தொங்கும்போது சட்டை சோப்புத் தூள் விளம்பரம்போல் மணக்கும். மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்து, தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் முதுகு சூடேறும். உடனே நேற்றைய வாடையும் முந்தாநாள் வாடையும் சேர்ந்து எழுந்துவிடும். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த உண்மை பல்லாண்டுகளாகத் தெரியும். துவைத்து மடித்து வந்த ஜெர்சியின்மேல் பெட்டியை வைத்ததும் அவர்கள் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்வதைக் கவனித்துப் பாருங்கள். சூடு பட்டால் இழைக்குள் கிடப்பது ஆவியாகிறது என்பதை ஆய்வகம் இல்லாமலே கண்டறிந்தவர்கள் அவர்கள்.

வீட்டில் நடக்கும் உரையாடல் அநேகமாக ஒரே மாதிரிதான்.

"டேய், கப்பு தாங்கல. கயட்டிப் போடு."

"நேத்துதான்மா தோச்சது!"

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இந்த ஆய்வுக்குத் தேவை வந்ததே அதனால்தான்.

கப்பும் கவுச்சியும் ஒன்றே என்று வடசென்னைக்கு வெளியே ஒரு கருத்து நிலவுகிறது. இதை மறுக்க அரசே ஒரு சோதனைக்காலம் அமைத்துத் தந்திருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. படகுகள் கரையில், வலைகளில் பொத்தல் அடைக்கும் வேலை நடக்கும். அந்த நாட்களில் சட்டையில் கவுச்சி குறைந்துபோகும். கப்பு மட்டும் கத்திரி வெயிலில் இரட்டிப்பாகும். ஆகவே மீனுக்கும் கப்புக்கும் சம்பந்தமில்லை. மீன் இவ்வழக்கிலிருந்து விடுவிக்கப்படுகிறது.

துணியின் பூர்வீகம்

இந்தக் கடற்கரைக்குத் துணி புதிதல்ல. 1717 முதல் 1720வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலட், நெசவாளர்களைக் குடியமர்த்தி உருவாக்கியதுதான் திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஏற்றுமதி செய்த துணியை வெளுத்துக் கொடுத்தவர்களின் குடியிருப்பு வண்ணாரப்பேட்டை. நெய்யவும் ஓர் ஊர், வெளுக்கவும் ஓர் ஊர் என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்த பகுதி இது.

அதைவிட முக்கியமான செய்தி: மெட்ராஸ் துணி ஒரு காலத்தில் வாடைக்காகவே விலைபோனது. 1958இல் கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர், பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவியவர், மெட்ராஸ் கட்டம்போட்ட கைத்தறித் துணியை வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளருக்கு விற்றார். தாவரச் சாயமும் நல்லெண்ணெயும் கலந்த அதன் வாசமே வந்தவரை மயக்கியது என்பது அந்த வியாபாரக் கதையின் ஒரு பகுதி. துணி புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போனது. குளிர்ந்த நீரில் தனியாக அலசவேண்டும் என்று சொல்ல வேண்டியவர் சொல்லாமல் விட்டதால், வாங்கியவர்களின் வாஷிங் மெஷினில் சாயம் ஓடி மற்ற துணியெல்லாம் பாழ். வழக்கு வரப்போகிறது என்ற நிலையில், சாயம் போவது உறுதி, அதுதான் இதன் பெருமை என்று விளம்பரம் செய்து விற்றுத் தீர்த்தார்கள். குறையைப் பெருமையாக்கும் இந்தக் கலை பாலியெஸ்டர் வியாபாரிகளுக்கு இன்னும் கைவரவில்லை. கப்பு உறுதி என்று எந்த ஜெர்சியிலும் அச்சிட்டிருக்கக் காணோம்.

பெரம்பூர்ப் பக்கம் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகள் இருந்தன. போலீசுக்கும் பட்டாளத்துக்கும் காக்கி நெய்தவை. கனத்த பருத்தி; வேர்த்தால் நனையும், நனைந்தால் கனக்கும், வெளுத்தால் விட்டுவிடும். 1996இல் அந்த ஆலை வளாகம் ஒரேயடியாக மூடப்பட்டு, பிறகு சினிமாவில் சண்டைக்காட்சி எடுக்கும் இடமாகப் புகழ்பெற்றது.

அதற்கு வெகு முன்பே எதிரி பிறந்தாயிற்று. 1941இல் இங்கிலாந்தில் ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்டு, ஜேம்ஸ் டிக்சன் இருவரும் பாலியெஸ்டர் இழையைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் வேலை பார்த்த இடத்தின் பெயர் காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷன், தலைமையிடம் மான்செஸ்டர். நம் நெசவாளர்களின் பிழைப்பில் நூறாண்டுக்கு முன்பு மண் போட்ட அதே மான்செஸ்டர், பிற்பாடு நம் அக்குளிலும் கைவைத்தது. பேரரசுகளின் வரலாற்றை எழுதுவோர் இந்தத் தொடர்ச்சியைக் கவனிக்கவில்லை.

யார் அணிகிறார்கள்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டின் நடைபாதையில் குவித்து விற்கும் ஜெர்சியை வியாசர்பாடியில் பந்து விளையாடும் பையன்கள் எல்லாரும் அணிகிறார்கள். முதுகில் 7 அல்லது 10. மற்ற எண்களுக்கு அங்கே மவுசு இல்லை. காசிமேட்டில் கடலுக்குப் போகிறவர் அணிகிறார். அலையில் நனைந்தாலும் அரைமணியில் காய்ந்துவிடும் என்பது அவர் காரணம், அது நல்ல காரணமும்கூட. சாப்பாடு கொண்டுபோகும் பையன், கம்பெனி கொடுத்த வண்ணச் சட்டையை அணிகிறான். துறைமுகத்தில் ஒப்பந்தத் தொழிலாளி, டீ-ஷர்ட்டுக்கு மேல் இரவில் பளபளக்கும் பட்டைபோட்ட ரிஃப்ளெக்டர் கோட்டு அணிகிறார், அதுவும் பாலியெஸ்டர். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரியை வரிசையில் நிறுத்திவிட்டு கேட் திறக்கக் காத்திருக்கும் டிரைவர், ஏசி இல்லாத கேபினில் அதையேதான் அணிகிறார். மலையேறுகிறவர்களுக்காகவும் மாரத்தான் ஓடுகிறவர்களுக்காகவும் உருவான உடுப்பு என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். மலையேறுகிறவர் கீழே இறங்கியதும் கழற்றிவிடுவார். லாரி டிரைவருக்கு அந்த வசதி கிடையாது.

கப்பு எப்படி உண்டாகிறது

இங்கே ஆய்வாளர் சற்று நிமிர்ந்து உட்காருகிறார்.

வியர்வைக்கு நாற்றம் கிடையாது. 1953இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் வால்டர் ஷெல்லியும் அவர் குழுவினரும், அக்குள் சுரப்பியின் வியர்வையைக் கிருமி படாமல் எடுத்து வைத்தால் அது நாறுவதில்லை என்று காட்டினார்கள். தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று கழிப்பதுதான் நாறுகிறது. நக்கீரர் வென்றார். பல நூற்றாண்டு தாமதமாக வந்த தீர்ப்பு என்றாலும் தீர்ப்பு தீர்ப்புதான்.

அக்குள் வாடையில் கடுமையானது தயால் என்ற கந்தகச் சேர்மம். 2020இல் யார்க் பல்கலைக்கழகத்தார், ஸ்டஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் என்ற பாக்டீரியா எந்த நொதியைக் கொண்டு இதைச் செய்கிறது என்பதுவரை கண்டுபிடித்துவிட்டார்கள். சமையல் எரிவாயு கசிந்தால் மூக்குக்குத் தெரியவேண்டும் என்று அதில் கலக்கிறார்களே, அந்த மெர்காப்டனும் இதே தயால் வம்சம். ஆக, எண்ணூர்ப் பக்கம் சிலிண்டரில் அடைக்கும் பொருளும் எண்ணூர்க்காரர் சட்டையில் அடையும் பொருளும் பங்காளிகள். ஒன்று ஆபத்தை அறிவிக்கக் கலக்கப்படுவது. மற்றதை மோந்து யாரும் ஜன்னலைத் திறந்து விடுவதில்லை, தள்ளி உட்காருகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, அந்த வாடை பருத்தியில் ஏன் தங்குவதில்லை? கணக்கு இது. 200 கிராம் எடையுள்ள பருத்திச் சட்டை, சாதாரணக் காற்றிலிருந்தே ஏறக்குறைய 16 கிராம் ஈரத்தைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். கம்பளி 32 கிராம். பாலியெஸ்டர் ஒரு கிராம்கூட இல்லை. இழைக்குள் தண்ணீருக்கு இடமே கிடையாது. அதனால்தான் சீக்கிரம் காய்கிறது, அதற்காகத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம். ஆனால் தண்ணீரைக் கண்டால் விரட்டும் அந்த இழை, எண்ணெயைக் கண்டால் கட்டிக்கொள்ளும். தோலின் எண்ணெய்ப் பசையும் அதில் கரைந்த நாற்றப் பொருள்களும் ஒட்டிக்கொள்கின்றன. நாம் துவைப்பதோ தண்ணீரில். தண்ணீரை உள்ளே விடாத வீட்டுக்குள் தண்ணீரை அனுப்பி எண்ணெயைக் கூப்பிட்டால் அது வருமா?

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் காலவார்ட் குழுவினர் 2014இல் ஒரு காரியம் செய்தார்கள். 26 பேரைச் சைக்கிள் மிதிக்கவைத்து, அவர்கள் சட்டைகளை 28 மணிநேரம் பையில் மூடிவைத்து, பிறகு மோந்து பார்க்கப் பயிற்சி பெற்றவர்களிடம் கொடுத்தார்கள். (இவ்வாய்வின் முறைக்கு முன்னோடி உண்டு என்பதைத் தேர்வாளர்கள் குறித்துக்கொள்க.) பாலியெஸ்டர் சட்டைகள் பருத்தியைவிட மோசமாக நாறின. அதோடு, மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா பாலியெஸ்டரில் குறிப்பாகச் செழித்திருந்தது. அக்குளில் ஆட்சி செலுத்தும் கோரினிபாக்டீரியமோ துணியில் வளரவே இல்லை. அதாவது ஆளின் வாடை வேறு, சட்டையின் வாடை வேறு. சட்டை தனக்கென்று ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு தனிக்குடித்தனம் நடத்துகிறது. 2007இல் ரேச்சல் மெக்வீன் குழு வெளியிட்ட ஆய்விலும் முடிவு இதே திசைதான்: பாலியெஸ்டரில் வாடை அதிகம், கம்பளியில் மிகக் குறைவு.

கம்பளி என்றதும் மேலைநாட்டு மலையேற்றக்காரர்கள் மெரினோ ஆட்டுக் கம்பளிப் பனியனைப் பரிந்துரைக்கிறார்கள். சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அன்று ராயபுரத்தில் கம்பளி பனியன் போட்டு மூட்டை தூக்கியிருந்தால் வாடைப் பிரச்சினை உண்மையிலேயே தீர்ந்திருக்கும், ஆளே இருந்திருக்கமாட்டார்.

எண்ணெயைப் பற்றி இன்னொரு வார்த்தை. கடலில் எண்ணெய் கொட்டினால் அதை உறிஞ்சி எடுக்கப் போடும் விரிப்புகளும் மிதவைகளும் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் இழை. பாலியெஸ்டருக்கு ஒன்றுவிட்ட உறவு. தண்ணீரை விட்டு எண்ணெயை மட்டும் பிடிக்கும் அதே குணம். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கியபோதும், வாளியும் மக்கும் கொண்டு அள்ளியவர்கள் மீனவர்களும் கூலித் தொழிலாளிகளும். அவர்கள் உடம்பில் கிடந்த டீ-ஷர்ட்டுகளும் தம் இழையின் குணப்படி சத்தமில்லாமல் அந்தப் பணியைச் செய்தன. அவற்றுக்குக் கூலி தரப்படவில்லை.

களக்குறிப்பு: ரயிலும் மெட்ரோவும்

கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் கப்பு என்று ஒரு பிரச்சினை இல்லை. கதவு எப்போதும் திறந்திருக்கும். கொருக்குப்பேட்டையில் ஏறும் வாடை வ.உ.சி. நகர் தாண்டுவதற்குள் வெளியே போய்விடும், வெளியேயிருந்து வேறொன்று உள்ளே வந்துவிடும். அந்தப் போக்குவரத்தில் தனிமனிதர் யாரும் அடையாளம் காணப்படுவதில்லை.

2021 பிப்ரவரி 14 அன்று மெட்ரோ ரயில் விம்கோ நகர்வரை வந்தது. வாசலில் ஏசி வந்ததில் மகிழாதவர் இல்லை. ஆனால் இந்தப் பகுதியின் வரலாற்றில் முதன்முறையாக, வேலை முடிந்து வருகிறவரும் வேலைக்கே போகாதவரும் மூடிய பெட்டிக்குள் ஒரே காற்றை மூச்சுவிட நேர்ந்தது. மாலை ஆறரை மணிக்கு விம்கோ நகரில் ஏறும் ஒப்பந்தத் தொழிலாளியைப் பாருங்கள். சட்டையில் கம்பெனிப் பெயர் பின்னியிருக்கும். இருக்கை காலியாக இருந்தாலும் உட்காரமாட்டார், கதவோரம் நிற்பார். மேலே தொங்கும் கைப்பிடியைப் பிடிக்கமாட்டார். கையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கம்பத்தை இடுப்பளவில் பிடித்துக்கொண்டு, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, காலடிப்பேட்டை, சுங்கச்சாவடி, தண்டையார்பேட்டை என்று வண்டி குலுங்கும்போதெல்லாம் காலை ஊன்றிச் சமாளிப்பார். சட்டையைத் தேர்ந்தெடுத்தவர் அவரல்ல. துணியை முடிவுசெய்தவர், விலையைக் குறைத்துப் பேசியவர், ஆளுக்கு ஒன்று போதும் என்று கையெழுத்திட்டவர் யாரும் அந்தப் பெட்டியில் இல்லை. கூச்சம் மட்டும் இவருடையது.

வாசனையைத் தீர்மானிப்பது மூக்கு அல்ல, இடம் என்பதற்குத் திருவொற்றியூரிலேயே சான்று உண்டு. ஆதிபுரீசுவரர் திருமேனி ஆண்டு முழுக்கக் கவசத்துக்குள் இருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தைத் திறந்து புனுகுச் சாம்பிராணித் தைலம் சாத்துவார்கள்; அதைக் காண ஊரே வரிசையில் நிற்கும். புனுகு என்பது பூனை இனத்துக்கு ஒப்பான ஒரு விலங்கின் வால்புறச் சுரப்பியில் ஊறுவது. சன்னதியில் அது தெய்வமணம். விலங்குச் சுரப்பிக்குக் கிடைத்த மரியாதையில் நூற்றில் ஒரு பங்குகூட மனிதச் சுரப்பிக்குக் கிடைக்கவில்லை என்று மட்டும் பதிவுசெய்துவிட்டு நகர்கிறோம். அதே கோயிலின் தலவிருட்சமான மகிழ மரத்தடியில் சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்ததாகப் புராணம். மகிழம்பூ காய்ந்து சருகானாலும் மணம் விடாது. காய்ந்த பிறகும் வாசம் விடாத குணத்தில் பாலியெஸ்டர் மகிழம்பூ மாதிரிதான், கோயிலில் சேர்க்கமாட்டார்கள்.

இந்த ஊரிலேயே சமாதி கொண்ட பட்டினத்தார், கட்டிய கோவணம் தவிர எல்லாத் துணியையும் துறந்ததன் மூலம் பிரச்சினையை அடியோடு தீர்த்தவர். கம்பெனி கேட்டில் அந்தத் தீர்வை ஏற்கமாட்டார்கள் என்பதால் மேலே போகிறோம்.

வைத்திய முறைகளின் மதிப்பீடு

சென்ட் அடிப்பது முதல் வைத்தியம். கப்பின்மேல் சென்ட் அடித்தால் கப்பும் சென்டும் கிடைக்கும். ஒன்றை ஒன்று நீக்கியதாகத் தகவல் இல்லை. கடைசி அலசலில் ஊற்றும் வாசனைத் திரவம் இன்னும் கெடுதல். அது இழையின்மேல் வழவழப்பாக ஒரு பூச்சுப் பூசி, உள்ளே இருக்கும் பழைய பாக்கியைப் பத்திரமாக மூடிவைக்கும். வெள்ளித் துகள் கலந்த, கிருமி வளராத சட்டை என்று சில பெரிய பிராண்டுகள் விற்கின்றன. துவைக்கத் துவைக்க வெள்ளி தண்ணீரோடு போய்விடுகிறது. வெள்ளியைக் கடலுக்கு அர்ச்சனை செய்யும் அளவுக்கு இப்பகுதியில் யாருக்கும் வசதி இல்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்லவேண்டும். மீஞ்சூர்வரை நிலத்தடியில் கடல்நீர் ஏறிய ஊர் இது. கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை 2010இல் காட்டுப்பள்ளியில் வந்தது. துணி துவைக்க மட்டும் பல வீடுகளில் இன்றும் போர்வெல் உப்புத் தண்ணீர்தான். எண்ணெயில் காய்ச்சிய பார் சோப்பை உப்புத் தண்ணீரில் தேய்த்தால் நுரைக்குப் பதில் வெள்ளைத் திப்பி வரும். சோப்பும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்த அந்தத் திப்பி இழையில் படிந்து, அழுக்குக்குப் பாய் விரித்துக் கொடுக்கும். ஆகவே அடித்துத் துவைக்கிற கையைக் குறை சொல்லக்கூடாது. நல்ல தண்ணீர் ஒரு வாளி கடைசி அலசலுக்காவது வேண்டும். அல்லது சோப்புத் தூளாவது வேண்டும்.

இனி இவ்வாய்வின் தலைசிறந்த கண்டுபிடிப்பு. காசிமேட்டுப் பெண்கள் மீன் கழுவிய கையைப் புளியாலோ எலுமிச்சையாலோ தேய்த்துக் கழுவுகிறார்கள். சரியான வேதியியல். மீன் வாடை ட்ரைமெத்திலமின் என்ற காரப்பொருள். புளிப்பு பட்டால் அது உப்பாக மாறிப் பறக்கும் சக்தியை இழக்கிறது. வேர்வை வாடையின் பெரும்பகுதியோ ஐசோவலெரிக் அமிலம் முதலான அமிலங்கள். அவற்றுக்குப் புளி எதற்கு? காரம் வேண்டும். அடுப்படியில் இருக்கும் ஆப்பசோடா போதும். ஆகக் கவுச்சிக்கு எலுமிச்சை, கப்புக்குச் சோடா. கடலுக்குப் போய் வேர்த்தும் வந்த சட்டைக்கு இரண்டும் வேண்டும், ஆனால் தனித்தனியாக. முதலில் ஒன்றில் ஊறவைத்து, அலசி, பிறகு மற்றதில். அவசரப்பட்டு இரண்டையும் ஒரே பக்கெட்டில் கொட்டினால் நுரை பொங்கும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். புளிப்பும் காரமும் ஒன்றை ஒன்று தின்றுவிட்டு ஓய்ந்துபோகும், வாடை இருந்த இடத்திலேயே இருக்கும். கூட்டணிகளைப் பற்றித் தமிழ்நாட்டு வாசகருக்கு இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

செய்முறை: கழற்றியதும் சுருட்டி மூலையில் எறியக்கூடாது, பைக் பெட்டியில் பூட்டவும் கூடாது, கூட்டம் சேர்வது அங்கேதான். உடனே துவைக்க முடியாவிட்டால் கொடியிலாவது விரித்துப் போடவேண்டும். சட்டையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, வெதுவெதுப்பான நீரில் இரண்டு கைப்பிடி ஆப்பசோடா போட்டு அரைமணி ஊறவைத்து, சோப்புத் தூளில் துவைத்து, நன்றாக அலசி, திருப்பியபடியே வெயிலில் போடவேண்டும். வெயிலுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. பல மாதக் கப்பு ஒரே நாளில் போகாது. இரண்டு மூன்று முறை ஆகும். அதற்கும் அசையாவிட்டால் அந்தச் சட்டையை வண்டி துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

பிற வாடைகள்

ஆய்வின் எல்லைக்கு வெளியே என்றாலும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் தெருவில் ஓடினார்கள்; பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அமோனியா காரம். மேலே சொன்ன விதிப்படி அதற்கு எலுமிச்சை போதும் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. மணலியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வரும் காற்றை இப்பகுதி மக்கள் தலைமுறையாக மோந்துகொண்டிருக்கிறார்கள். அந்த வாடைகளுக்கெல்லாம் உரிமம் உண்டு, அளவு உண்டு, அளக்கும் கருவி உண்டு, கருத்துக்கேட்புக் கூட்டம் உண்டு. மெட்ரோ பெட்டியில் மூக்கைச் சுளிக்கவைக்கும் வாடை மட்டும் உரிமம் இல்லாமல் வருவது; ஆகவே தண்டனை அதற்கே.

முடிபு

ஆய்வின் முடிபை நக்கீரர் சபையில் வைத்ததாகவே கொள்க. மனித உடம்புக்கு இயற்கையில் கப்பு இல்லை. செயற்கை இழையால் வருகிறது. குற்றம் குற்றமே, ஆனால் குற்றவாளி சட்டை, சட்டைக்குள் இருப்பவர் அல்லர்.

ஆகவே தீர்ப்பு, யூனிஃபார்முக்கு ஆர்டர் போடும் மேனேஜர்கள், கான்ட்ராக்டர்கள், சாப்பாட்டு ஆப் முதலாளிகள் ஆகியோருக்கு. பாதிக்குப் பாதியாவது பருத்தி கலந்த துணி எடுங்கள். அக்குளில் காற்று போகச் சல்லடைத் துணி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். ஒரு சட்டையைக் கொடுத்துவிட்டு ஆறு நாள் வேலை வாங்காதீர்கள். காயவும் வெளுக்கவும் நேரம் வேண்டும் என்பதால் ஆளுக்கு மூன்று சட்டை. வேலை முடிந்து குளிக்க, கேட்டுக்கு உள்ளேயே ஒரு குழாய். சந்தேகம் உள்ளவர்கள் தங்கள் கம்பெனிச் சட்டையை ஒரு வாரம் தாங்களே போட்டுக்கொண்டு, மாலை ஆறரை மணி மெட்ரோவில் விம்கோ நகரிலிருந்து வண்ணாரப்பேட்டைவரை வந்து பார்க்கலாம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும்.